ஒரு மாத்திரை அளவு



ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். யாக்கோபு கிணற்றருகே நின்று, மேய்ப்பரிடம் லாபானைப் பற்றி விசாரிக்கிறான். 6-ஆம் வசனத்தில் அவர்கள், ஆடுகளோடு வந்துகொண்டிருக்கும் ராகேலைச் சுட்டிக் காட்டுகிறார்கள். 9-ஆம் வசனத்தில் அவள் வந்து சேருகிறாள். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் முதலாவது இடத்தில் ‘வருகிறாள்’ என்றும், இரண்டாவது இடத்தில் ‘வந்தாள்’ என்றும் இருக்கிறது. எபிரெய மூலத்திலோ இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்: ‘பாஆ’. எழுத்துகள் மாறவில்லை; உயிரொலிகளும் மாறவில்லை. மாறுவது அழுத்தம் மட்டுமே. கடைசி அசையை அழுத்திச் சொன்னால் அவள் வருகிறாள். முதல் அசையை அழுத்திச் சொன்னால் அவள் வந்துவிட்டாள். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, இந்த வசனத்திற்கு எழுதிய உரையில் இதை எடுத்துக் காட்டுகிறார்.

காத்திருப்பதற்கும் கண்டடைவதற்கும் இடையே உள்ள தூரம் அந்த ஓர் அசையில் அடங்கியிருக்கிறது. வாசிக்கிறவரின் நாவு தவறான இடத்தில் ஊன்றினால், வந்து நிற்கிறவள் இன்னும் தூரத்தில் வருகிறவளாகிவிடுவாள். இப்படி நேர்ந்துவிடக் கூடாது என்றே, மசோரெத்தியர் எனப்பட்ட வேத அறிஞர் பல தலைமுறைகளாக உழைத்து, எபிரெய வேதத்தின் சொற்களுக்கு ஓதல் குறிகளை இட்டு வைத்தார்கள். எந்த அசையில் அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தாமல் தொடர வேண்டும் என்பதை அந்தச் சிறு குறிகள் காட்டுகின்றன.

ஆங்கிலமும் இவ்விதத்தில் அழுத்தத்தை நம்பி நிற்கும் மொழியே. ‘பிரசென்ட்’ என்று நாம் தமிழில் எழுதும் சொல்லை முதல் அசையில் அழுத்தினால் பரிசு என்று பொருள். இரண்டாம் அசையில் அழுத்தினால் பரிசை அளிப்பது என்று பொருள். பள்ளியில் ஆங்கிலம் கற்ற நம்மில் பலர் எல்லா அசைகளையும் ஒரே நிறையில் உச்சரிப்பதற்குக் காரணம் அறியாமையன்று. நம் தாய்மொழியில் அழுத்தம் இந்த வேலையைச் செய்வதில்லை.

அப்படியானால் தமிழில் இந்த வேலையை எது செய்கிறது? காலம் செய்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நம் இலக்கணம் வகுத்தது. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. ‘கல்’லுக்கும் ‘கால்’லுக்கும், ‘பல்’லுக்கும் ‘பால்’லுக்கும் இடையே நிற்பது அந்த ஒரு கண்ணிமைப் பொழுதே. ஒரு சொல்லை வலியுறுத்த வேண்டுமானால் நாம் அதை ஓங்கிச் சொல்வதைவிட, ஓர் ஏகாரத்தைச் சேர்க்கிறோம். ‘இயேசுவே ஆண்டவர்’ என்று சொன்னால், வேறொருவரும் அல்லர் என்பது பொருள். ‘இயேசு ஆண்டவரே’ என்று சொன்னால், அதில் ஐயமில்லை என்பது பொருள். முன்னதைப் பிரிநிலை என்றும் பின்னதைத் தேற்றம் என்றும் இலக்கணம் கூறும். ஓர் ஏகாரம் இடம் மாறினால் விசுவாச அறிக்கையின் முகமே மாறுகிறது.

ஆகையால் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் ஊழியம் சிறியதன்று. நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில், தண்ணீர் வாசலுக்கு முன்பான வீதியிலே எஸ்றா விடியற்காலம் தொடங்கி மத்தியானமட்டும் நியாயப்பிரமாணத்தை வாசித்தார். லேவியர் அதைத் தெளிவாக வாசித்து, அர்த்தம் விளங்கும்படி செய்தார்கள். ஜனங்கள் கேட்டு அழுதார்கள். விளங்காத வாசிப்பு எவரையும் அழ வைப்பதில்லை. எங்கே மூச்சு விடுகிறோம் என்பதிலும் பொருள் இருக்கிறது. ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் 3-ஆம் வசனத்தில், எபிரெய ஓதல் குறிகளின்படி ‘வனாந்தரம்’ என்பது வழியை ஆயத்தப்படுத்த வேண்டிய இடம். சுவிசேஷங்களிலோ அது கூப்பிடுகிற சத்தம் எழும்பும் இடம். நிறுத்தம் ஒரு சொல் தள்ளிப் போனதால் பாலைவனம் பாதைக்குரியதா, குரலுக்குரியதா என்பது மாறுகிறது. யோவான் ஸ்நானன் இரண்டையும் மெய்ப்பித்தார் என்பது தேவனுடைய ஞானம். அவர் வனாந்தரத்தில் நின்றே கூப்பிட்டார். வனாந்தரத்திலேயே வழியையும் ஆயத்தம்பண்ணினார்.

இதுவரை நான் எழுதியவற்றைப் படித்து, ‘ஐயா நன்றாக வாசிக்கும்படி நமக்குப் புத்தி சொல்லுகிறார்’ என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அதுவும் உண்மையே. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அப்பால் இருக்கிறது. நுட்பமான செவி தேவன் தந்த ஈவு. அந்தச் செவியையே வாளாக்கிக் கொண்ட ஒரு நாளையும் வேதம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யெப்தாவின் மனுஷராகிய கீலேயாத்தியர் யோர்தானின் துறைகளைப் பிடித்துக்கொண்டார்கள். தப்பியோடிவந்த எப்பிராயீமர் ஆற்றைக் கடக்க அனுமதி கேட்டபோது, ‘ஷிபோலேத்’ என்று சொல்லும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். எப்பிராயீமரின் நாவுக்கு அந்த முதல் ஒலி பழக்கமில்லை, ‘சிபோலேத்’ என்றார்கள். அன்று விழுந்தவர்கள் 42,000 பேர். இரு திறத்தாரும் இஸ்ரவேலர், ஒரே தேவனைத் தொழுதவர்கள். கதிர் என்று பொருள்படும் ஒரு சொல்லின் முதல் ஒலி சகோதரனைச் சத்துருவாக்கப் போதுமானதாயிற்று.

இனி நம் சபைக்கு வருகிறேன். அடுத்து வருவதை அந்தச் சகோதரியின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. நம் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து குடும்பத்தோடு வந்து, ஆறு ஆண்டுகளாக நம்மோடு ஆராதிக்கிறவர் அவர். தாய்மொழி முண்டாரி; பள்ளியில் படித்தது இந்தி. ராஞ்சியில் கோஸ்னர் மிஷனரிகள் 1845-இல் ஊழியத்தைத் தொடங்கினார்கள். அந்த ஊழியத்தின் பலனாக ஆண்டவரை அறிந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. விசுவாசத்தில் அவர் நமக்குப் புதியவரல்லர். தமிழுக்கு மட்டுமே புதியவர். எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டு, வேதபாடம் வாசிக்கத் தாமாகவே பெயர் கொடுத்தார்.

அன்றைய பாடம் லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் அமைந்தது. மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்கக் கூடாது என்று ஆண்டவர் கற்பித்துவிட்டு, உடனே கொடுக்கும்படி சொல்லும் பகுதி. ‘கொடுங்கள்’ என்ற சொல்லை அவர் ‘கோடுங்கள்’ என்று வாசித்தார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அது நடுவரிசைக்கும் வந்தது. அவர் ஒரு கணம் நின்று, பாடத்தை முடித்து, வேதத்தை மூடிவிட்டு இறங்கினார்.

அந்த வாரத்தில் அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவர் ஒருவரையும் குறை கூறவில்லை. “அந்தப் பாடத்தை மூன்று வாரம் படித்தேன், ஐயா. என் மகன்தான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தான்” என்று மட்டும் சொன்னார். அந்த மகனுக்கு எட்டு வயது. தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறவன். நம் ஞாயிறு பள்ளியிலும் இருக்கிறான். அன்று ஆலயத்தில் சிரிப்பு எழுந்தபோது அவன் சிறுவர்களுக்கான பாயில் உட்கார்ந்திருந்தான். வீடு திரும்பும் வழியில் அவன், “அம்மா, இனிமேல் நீ வாசிக்க வேண்டாம்” என்றானாம். அவர் தம் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார்.

பிரியமானவர்களே, சிரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். பெரும்பாலோர் அதைக் கணநேரத்தில் மறந்திருப்பார்கள். ஆயினும் எட்டு வயதுப் பிள்ளை ஒருவன் தன் தாயின் நாவைக் குறித்து வெட்கப்பட நம்முடைய ஆலயத்திலே கற்றுக்கொண்டான். இது சிறிய காரியமா என்று நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

அவர் ஏன் அப்படி வாசித்தார் என்பதை அறிந்துகொள்வோம். இந்தியில் ஏகாரமும் ஓகாரமும் உண்டு. அவற்றுக்கு இணையான குறில் எழுத்துகள் அம்மொழியில் இல்லை. ஆகையால் ‘எடு’ என்பதும் ‘ஏடு’ என்பதும், ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் இந்தியில் பழகிய செவிக்கு எளிதில் பிரிந்து கேட்பதில்லை. நம்மில் பலருக்கு இந்தியின் ‘க’ வரிசை நான்கும் ஒன்றுபோலக் கேட்பதைப் போன்றதே இது.

மொழியின் ஓசை நமக்குள் எவ்வளவு ஆழத்தில் வேரூன்றியிருக்கிறது என்பதை அறிவியலும் காட்டியிருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு மெய்யொலிகளின் கூர்மை மங்கலாகவே எட்டுகிறது. ஆனால் தாயின் பேச்சிலுள்ள ஏற்ற இறக்கமும் சந்தமும் சென்று சேருகின்றன. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் அந்நிய பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகின்றன என்று டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் ஆய்வாளர்கள் 1980-இல் அறிவித்தார்கள். பிரான்சில் நடந்த மற்றோர் ஆய்வில், சொற்கள் விளங்காதபடி ஒலியை வடிகட்டிக் கொடுத்தபோதும், பச்சிளங்குழந்தைகள் ஆங்கிலத்தையும் ஜப்பானிய மொழியையும் சந்தத்தைக் கொண்டே வேறு பிரித்தன. மரியாளின் வாழ்த்துதலைக் கேட்டு எலிசபெத்தின் வயிற்றிலிருந்த பிள்ளை துள்ளிற்று என்று லூக்கா எழுதியிருப்பதை வாசிக்கும்போதெல்லாம், பொருள் அறியும் முன்பே குரலை அறியும் அந்தச் செவியை நினைத்துக்கொள்கிறேன். நாம் பேசும் சந்தம் நாம் தெரிந்துகொண்டதன்று. தேவன் நம்மைத் தாயின் கர்ப்பத்தில் உருவாக்கிய நாட்களிலேயே நமக்குள் வைக்கப்பட்டது. ஒருவருடைய உச்சரிப்பைப் பரிகசிக்கிறவன், அறியாமலே அவருடைய தாயைப் பரிகசிக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் சிரித்த அந்த வேறுபாடு, இன்று நாம் காணும் வடிவில் நம் எழுத்தில் எப்படி வந்தது தெரியுமா? பழைய முறையில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு நெடிலிலிருந்து வேறுபடுத்தினார்கள். ஓலைச்சுவடிகளிலோ அந்தப் புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டுவிட்டார்கள். ‘கொடு’ என்றும் ‘கோடு’ என்றும் ஒரே எழுத்தைப் படிக்கலாம். படிப்பவரே இடமறிந்து தெரிந்துகொள்ள வேண்டும். குறிலையும் நெடிலையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கும் இன்றைய வடிவத்தைத் தந்தவர் வீரமாமுனிவர் என்று தமிழ் எழுத்து வரலாறு கூறுகிறது. அவர் இத்தாலியில் 1680-இல் பிறந்தவர். கிறிஸ்துவை அறிவிக்க வந்து, நம் மொழியைப் பிள்ளையைப் போலக் கற்றுக்கொண்ட அந்நியர்.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1706-இல், சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஜெர்மன் மொழி பேசி வளர்ந்த அவர், சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். அவருடைய முதல் பிரசங்கங்களில் எத்தனை குறில்கள் நெடிலாகியிருக்கும், எத்தனை ழகரங்கள் இடறியிருக்கும்! ஆயினும் கேட்டவர்கள் எழுந்து போய்விடவில்லை. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அந்நிய நாவைப் பொறுத்துக்கொண்ட நம் முன்னோரின் செவிகளுக்கும் அந்தப் புத்தகத்தில் பங்குண்டு.

இவ்வளவும் ஏன்? நாமே ஒவ்வொரு ஞாயிறும் குறிலை நெடிலாக்குகிறோம். நம் பாமாலைப் பாடல்களில் பல, ஜெர்மானிய, ஆங்கில ராகங்களுக்கு அமைத்து மொழிபெயர்க்கப்பட்டவை. அந்த ராகங்கள் அழுத்தத்தைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. நம் மாத்திரைகளை அறியாதவை. நீண்ட சுரத்தில் ஒரு குறில் அகப்பட்டால் நாம் தயங்காமல் அதை இழுத்துப் பாடுகிறோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைப் போன்றோர் நம் மொழியின் சந்தத்திலேயே கீர்த்தனைகளைக் கட்டித் தந்ததன் அருமை இதனால் விளங்குகிறது. ஆனால் பாமாலை பாடும்போது ஒருவரும் சிரித்ததில்லை. நூற்றுக்கணக்கான குரல்கள் சேர்ந்து குறிலை இழுக்கும்போது அது துதியாகிறது. ஒரு பெண் தனியாக நின்று இழுத்தபோது மட்டும் அது எப்படிப் பிழையாயிற்று?

பிரதான ஆசாரியனின் அரமனை முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய பேச்சு. கலிலேயனின் உச்சரிப்பை எருசலேமின் செவி உடனே கண்டுகொண்டது. ஐம்பதே நாட்களுக்குப் பின் பெந்தெகொஸ்தே நாளில் அதே எருசலேமில் ஜனங்கள் வியந்து கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள்: பேசுகிற இவர்களெல்லாரும் கலிலேயர் அல்லவா? ஆவியானவர் பேதுருவின் நாவை மாற்றி, அவனை எருசலேமியனாக்கிய பின்பு பயன்படுத்தவில்லை. கலிலேயர் கலிலேயராகவே நின்றார்கள். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஜென்மபாஷையிலே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள். யோர்தான் துறையில் செவி கொன்றது. பெந்தெகொஸ்தேயில் செவி பிழைக்கச் செய்தது.

நூற்றாண்டுகள் கடந்து இன்னொன்றும் நடந்தது. முதலில் நான் சொன்ன மசோரெத்தியரை நினைவுகூருங்கள். அவர்களில் மிகுந்த மதிப்புப் பெற்றவர்கள் கலிலேயாக் கடலின் கரையிலுள்ள திபேரியாவில் இருந்தவர்கள். இன்று உலகெங்கும் அச்சிடப்படும் எபிரெய வேதத்தின் உயிர்க்குறிகளும் ஓதல் குறிகளும் அவர்கள் வழியாக வந்தவை. எந்தக் கலிலேயாவின் பேச்சை ஒரு காலத்தில் முற்றத்துப் பணிவிடைக்காரரும் அடையாளம் கண்டு பேதுருவை மடக்கினார்களோ, அந்தக் கலிலேயாவின் கரையிலிருந்தே வேதத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. ராகேல் வருகிறாளா, வந்துவிட்டாளா என்று நமக்குச் சொல்வதும் அந்தக் கரையில் இட்ட ஒரு சிறு குறியே.

ஆகையால் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வேதபாடம் வாசிக்கிறவர்கள் சனிக்கிழமை மாலையே அந்தப் பகுதியை வீட்டில் வாய்விட்டு மூன்று முறை வாசியுங்கள். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதுவரையில் மூச்சு தாங்குமா, எங்கே நிறுத்தினால் பொருள் உடையாது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சகோதரி மூன்று வாரம் படித்தார். நம்மில் பலர் மேடையேறிய பின்பே பக்கத்தைத் தேடுகிறோம்.

இரண்டாவது, திருத்த வேண்டியதைத் தனியாகத் திருத்துங்கள். ‘கொ’வையும் ‘கோ’வையும் சொல்லிக் காட்ட நம்மில் எத்தனையோ ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அவர் வீட்டிற்குச் சென்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அப்படிச் செல்லும்போது, முண்டாரியில் ‘ஸ்தோத்திரம்’ என்பதை எப்படிச் சொல்வது என்று நீங்களும் கேட்டுக் கற்றுக்கொண்டு வாருங்கள். உங்கள் நாவு இடறும். அவருடைய மகன் சிரிப்பான். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்பது நல்லது.

மூன்றாவது, அவருடைய பெயரை நான் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, சுவிசேஷ பாடத்திற்கு எதிரே அது இருக்கிறது. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவரை நான் வற்புறுத்தப் போவதுமில்லை. இந்த மூன்று வாரங்களில் அவர் வீட்டுப் படியேறுகிறவர்களைப் பொறுத்தே அவருடைய பதில் அமையும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் வாசித்தால், எந்தச் சொல் நீண்டாலும் குறுகினாலும், சபை முழுவதும் எழுந்து நின்று கேட்க வேண்டும். முன்வரிசையிலிருந்து ஓர் எட்டு வயதுப் பிள்ளை நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆடுகள் தம் சத்தத்தை அறியும் என்று நல்ல மேய்ப்பர் சொன்னார். எல்லா ஆடுகளும் ஒரே குரலில் கத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஜெபம் செய்வோம்: எங்கள் பரம பிதாவே, தாயின் கர்ப்பத்தில் எங்கள் செவியைத் திறந்தவர் நீரே. உம்முடைய வசனத்தைக் கவனத்தோடு வாசிக்கும் நாவையும், ஒருவரையொருவர் பொறுமையோடு கேட்கும் செவியையும் எங்களுக்குத் தாரும். எங்கள் நடுவில் வெட்கப்பட்டுப்போன சகோதரியையும், அவருடைய பிள்ளையையும் நீரே தேற்றியருளும். எங்கள் வாயிலிருந்து பிறந்த சிரிப்பை எங்களுக்கு மன்னித்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.